தண்ணி நாக்கு

“தண்ணிங்கறேன்!”

“கசக்குதுங்கறேன்!”

“நான் என் கையால பிடிச்சு, என் கையால ஊத்தி, என் கையால மூடின…”

“உங்க கையை யாரு அண்ணி குத்தம் சொன்னா? ஒம்பது பேரு நாக்கு சொல்லுது…”

“…தண்ணி! வெறும் தண்ணி! அதுல என்னத்தக் கசக்கும்?”

“அத நீங்கதான் சொல்லணும். கலக்கறது நீங்க.”

“தண்ணியில எத்தக் கலக்கறது? தண்ணியையா?”

கரைசல் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. தாழ்வாரத்தில் போனவர்கள் நடையைக் குறைத்து, காதைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காதவர்கள்போல நகர்ந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் சண்டை போடுவது அந்தச் சுவை ஆய்வகத்தில் புதிதல்ல. அண்ணி கரைசல் தயாரிப்பவள். நாத்தனார் அதை ருசி பார்க்க வருகிறவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்து, அவர்கள் நாக்குச் சொல்வதைத் தாளில் வாங்கி வருபவள். வீட்டு உறவு வேலையிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆபீஸ் கிளார்க்கிலிருந்து மேடம்வரை எல்லோருக்கும் அவள் அண்ணி, இவள் நாத்தனார்.

நடுவில் இருந்தவர் இரண்டு மாதங்களுக்கு முன் போய்விட்டார். அண்ணியின் கணவர், நாத்தனாரின் அண்ணன். அங்கே அவருக்குத் ‘துளி சார்’ என்று பெயர். குடுவையில் கோட்டுக்கு மேலே ஒரு துளி ஏறினாலும் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு பிற்பகல் இதே மேசைமுன் நின்று, குடுவையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்தவர், அதைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுக் கீழே சரிந்தார். ஆட்கள் ஓடிவந்தபோது குடுவைத் தண்ணீர் ஆடாமல், கோட்டில் சரியாக நின்றது.

அதே அறையின் தொட்டியில் பதினொரு வருடம் கண்ணாடிச் சாமான் கழுவியவள் அண்ணி. அவர் செய்ததையெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தவள். எடை பார்க்கும்போது தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி மூச்சைப் பிடித்துக்கொள்வதும், பொடியைச் சூடு காட்டிக் காந்தக் குச்சியை உள்ளே சுழலவிட்டுக் கரைப்பதும், கரைந்தபின் ஆறவைத்துக் கோடுவரை நிரப்புவதும் அவளுக்கு அத்துப்படி. மேடம் அவளை அந்த மேசையில் நிற்க வைத்து ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து ருசி பார்ப்பேன். அன்னிக்குச் சோதனை சுத்தமா வந்தா இடம் உங்களுக்கு. வரலேன்னா வெளியிலேருந்து ஆள் எடுத்தாகணும். நீங்க பழையபடி தொட்டிக்குத்தான் போகணும். வருத்தப்படக் கூடாது.”

இன்று திங்கட்கிழமை. முதல் நாளே இப்படி.

“காட்டு அந்தத் தாளை” என்றாள் அண்ணி.

“படிங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்க.”

சோதனை சின்னது. ஒரு கசப்புப் பொடி. அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. வாயில் நுழையாத பெயர். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சின்னக் கோப்பைகள் வைப்பார்கள். இரண்டில் தண்ணீர், ஒன்றில் பொடிக் கரைசல். எது வேறு என்று சொல்ல வேண்டும். அடுத்த சுற்றில் கரைசல் பாதியாகும். அதற்கடுத்ததில் பாதியில் பாதி. எந்த இடத்தில் நாக்குக்குத் தெரியாமல் போகிறது என்பதுதான் கேள்வி. கோப்பைகளில் மூன்று இலக்க எண் மட்டும்தான் இருக்கும். வாயில் விட்டு, பத்து எண்ணி, துப்பி, கொப்பளித்து, எழுத வேண்டும்.

ஒன்பது பேரும் எழுதியிருந்தார்கள். மூன்று கோப்பையும் கசப்பு. எல்லாச் சுற்றிலும்.

கீழே ‘வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்’ என்ற இடத்தில் பஸ் டிரைவர் எழுதியிருந்தார்: *மூக்குக் கண்ணாடிக் காம்பைக் கடிச்ச மாதிரி.* தையல்கார அம்மா: *கிராம்பு. பல்வலிக்கு அடக்கிக்கிறது.* கணக்கு டீச்சர்: *பென்சில்.* ஒன்றும் எழுதாமலே போகும் பழக்கமுள்ள தபால்காரர் இந்தத் தடவை ஒரு வரி எழுதியிருந்தார். *யாரோ குடிச்சுட்டு மிச்சம் வெச்ச மாதிரி.*

அண்ணி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

“நீ வாயில வெச்சுப் பாத்தியா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? எனக்கு அது வேலையில்ல.”

“பாத்தியா இல்லையா?”

“பாத்தேன். கசக்குது. போதுமா?” நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீங்களே பாத்துக்கலாமே. ஓ, மறந்துட்டேன். உங்களுக்குத்தான் தெரியாதே.”

குத்தல்தான். அண்ணிக்கு அந்தப் பொடியின் கசப்பு தெரியாது. பிறவியிலேயே சில நாக்குகள் அப்படி. பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு அது வெறும் தண்ணீர். கல்யாணமான புதிதில் துளி சார் பொடி தடவிய ஒரு காகிதத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, “நாக்கை நீட்டு” என்றார். நீட்டினாள். “என்ன தெரியுது?” “காகிதம் தெரியுது.” அவர் தானும் ஒன்றை நாக்கில் வைத்து, முகம் எட்டுக் கோணலாகி, கொப்பளித்து வந்து, விழுந்து விழுந்து சிரித்தார். “தண்ணி நாக்குக்காரியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். இனிமே நான் என்ன கசப்பா இருந்தாலும் உனக்குத் தெரியப் போறதில்ல. பிழைச்சேன்!” அன்றிலிருந்து கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் அவளுக்கு அதுதான் பெயர். ஏ தண்ணி நாக்கு.

“சரி, பாட்டிலை மாத்தறேன்” என்றாள் அண்ணி. “நாளைக்குப் பாரு.”

அன்று பிற்பகல் புதுப் பாட்டில் எடுத்து மூன்று முறை அலசி, சுத்திகரித்த தண்ணீரைக் கோடுவரை பிடித்து, மறுநாளைக்கென்று அலமாரியில் வைத்தாள். எல்லாப் பாட்டிலுக்கும் லேபிள் உண்டு. தண்ணீர்ப் பாட்டிலுக்கும் உண்டு. நான்கு வரி: என்ன, எவ்வளவு, எந்தத் தேதி, யார் தயாரித்தது.

இந்த நாலாவது வரியில்தான் காலையில் அவளுக்குத் தயக்கம் வந்து ஆபீஸ் கிளார்க்கிடம் போய்க் கேட்டிருந்தாள்.

“என் கையெழுத்தப் போடலாமா?”

“கூடாது அண்ணி. கரைசல் தயாரிக்கறவங்க பட்டியல்ல உங்க பேரு ஏறலையே. வெள்ளிக்கிழமை மேடம் சரின்னாத்தான் ஏறும். பட்டியல்ல இல்லாத கையெழுத்து செல்லாது.”

“அப்ப யாரு கையெழுத்து?”

“சாரோட சுழியையே போட்டுடுங்க. அவரு பேரு இன்னும் பட்டியல்ல இருக்கு. நான் அடிக்கல.” கிளார்க் தலையைச் சொறிந்தார். “அடிக்கக் கை வரல அண்ணி. அஞ்சு நாள்தானே, யாரு பாக்கப் போறா?”

அவர் கையெழுத்தென்பது ஒரு சின்ன வட்டம், கீழே ஒரு வால். துளியைத் தலைகீழாகப் போட்டதுபோல. அண்ணி அதை ஆயிரம் பாட்டில்களிலிருந்து கழுவித் தள்ளியிருக்கிறாள். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒரே இழுப்பில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும் அலமாரியைப் பார்த்தாள். பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதிகமில்லை. ஒரு வாய்.

‘நேத்து சரியாப் பாக்கலபோல’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுக்குத் தெரியும், சரியாகத்தான் பார்த்தாள். சாவி ஒன்றுதான். அது அவள் இடுப்பில் இருந்தது.

பத்தரை மணிக்கு நாத்தனார் தாள்களோடு வந்து நின்றாள். இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் அண்ணிக்குப் பயமாக இருந்தது.

“மறுபடியுமா?”

“மறுபடியும்.”

“அதே கிராம்பா?”

“அதே கிராம்பு, அதே கண்ணாடிக் காம்பு. நேத்து ஒருத்தர் எழுதினத இன்னிக்கு இன்னொருத்தர் எழுதியிருக்காங்க. பேசி வெச்சுக்கிட்டு எழுதறாங்களோன்னு தனித்தனி அறையில உக்கார வெச்சேன் அண்ணி. ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல.”

மேடமே வந்துவிட்டார். தண்ணீரின் சுத்தம் பார்க்கும் மீட்டரின் கம்பியைப் பாட்டிலுக்குள் விட்டு எண்ணைப் பார்த்தார். கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டார்.

“மீட்டர்ல சுத்தமா இருக்கு. நாக்குல அசுத்தமா இருக்கு. நான் எதை அம்மா நம்பறது?”

“மேடம், குழாயில ஏதாவது…”

“குழாயிலிருந்து பிடிச்சு நானே குடிச்சுப் பார்த்தேன். தண்ணி. உங்க பாட்டில்லதான் என்னமோ நடக்குது.” மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “நான் உங்களைச் சந்தேகப்படல. ஆனா அவரு இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட இப்படி ஆனதில்ல. அத நான் சொல்லித்தானே ஆகணும்?”

அவர் போன பிறகு அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கேட்டியா? அவரு இருந்தவரைக்கும் ஆனதில்லையாம்.”

நாத்தனார் தாள்களின் ஓரத்தைத் தட்டி அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை அண்ணி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து ஆய்வகத்துக்குப் போய் முத்திரை பிரிக்காத ஒரு கேன் தண்ணீர் கடன் வாங்கி வந்தாள். பெட்டி உடைக்காத புதுப் பாட்டில். புது மூடி. கையுறைகூடப் புதுசு.

“வா, என் கண் முன்னால நில்லு. நான் என்ன செய்யறேன்னு பாரு. எங்கயாவது தப்பு இருந்தா உடனே சொல்லு.”

“நான் உங்களுக்குக் காவலா?”

“ஆமா, காவல்தான். நில்லுடி.”

கரைசல் அறையில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் கேனைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றி நாத்தனாரைத் தாழ்வாரத்துக்கு அனுப்பினாள். அவள் வாயில் விட்டுப் பத்து எண்ணித் துப்பிவிட்டு வந்தாள்.

“தண்ணி.”

“நல்லாத் தெரியுதா?”

“சத்தியமா தண்ணி அண்ணி.”

பாட்டிலை அலசினாள். நிரப்பினாள். மூடினாள். லேபிள் எழுதி ஒட்டினாள். சுவை பார்ப்பவர்கள் வந்து சேர அரைமணி ஆனது. ஊற்றுவதற்கு முன், “ஒரு தடவை பாத்துடு” என்று ஒரு கோப்பை கொடுத்தாள்.

நாத்தனார் தாழ்வாரத்திலிருந்து உடனே வரவில்லை. அண்ணி எட்டிப் பார்த்தபோது, துப்பும் தொட்டிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணில் நீர்.

“என்னடி?”

தலையை ஆட்டினாள். துப்பவில்லை. விழுங்கிவிட்டாள்.

“விழுங்கக் கூடாதுடி! என்ன இருக்குன்னே தெரியல, விழுங்கறியே!”

“எனக்குத் தெரியும் என்ன இருக்குன்னு” என்றாள் நாத்தனார். “திங்கட்கிழமையே தெரியும். சொல்லல.”

“என்ன தெரியும்?”

“சின்ன வயசுல எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே டம்ளர். அண்ணன் முதல்ல குடிச்சுட்டு எனக்குத் தருவான். விளிம்புல அவன் வாய் வெச்ச இடத்துல ஒரு ருசி இருக்கும். நான் டம்ளரைத் திருப்பி வேற பக்கம் குடிக்கப் பாப்பேன். அவன் வேணும்னே சுத்திச் சுத்தி வாய் வெச்சிருப்பான்.” அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். “அந்த ருசி அண்ணி.”

தாழ்வாரத்தின் கோடியில் சுவை அறையிலிருந்து பஸ் டிரைவர் சத்தம் போட்டார். “அம்மா, இன்னிக்கு நாக்கு வேணுமா வேணாமா? எனக்கு ஒரு மணிக்கு வண்டி எடுக்கணும்!”

“அஞ்சு நிமிஷம் அண்ணே!” என்று திரும்பிப் பாராமல் பதில் கொடுத்தாள் அண்ணி. நாத்தனாரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“கேன்ல தண்ணின்னே.”

“தண்ணிதான்.”

“நீ பாத்துக்கிட்டே இருந்தே. நான் என்ன பண்ணேன்? ஒண்ணொண்ணா சொல்லு.”

“அலசினீங்க.”

“ம்.”

“ஊத்தினீங்க. மூடினீங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லையே. லேபிள் ஒட்டினீங்க, அவ்வளவுதான்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாட்டிலைப் பார்த்தார்கள். நாலாவது வரி. தயாரித்தவர். வட்டம், கீழே ஒரு வால்.

பாட்டிலில் என்ன இருக்கிறதென்று பாட்டிலைக் கேட்காதே, லேபிளைக் கேளு என்பார் துளி சார். லேபிளில் எழுதியதுதான் உள்ளே இருக்கும். இல்லையென்றால் எழுதியவன் தலையைக் கேளு. லேபிள் இல்லாத பாட்டிலைக் கண்டால் முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிடுவார். பதினொரு வருடமாக அண்ணி கேட்டு அலுத்த பாட்டு.

“விளையாடாதீங்க அண்ணி” என்றாள் நாத்தனார். யாரும் விளையாடவில்லை.

அன்றைய தாள்களும் கசப்பென்றே வந்தன. வியாழக்கிழமை நாக்குகளுக்கு ஓய்வு. சுவை பார்ப்பவர்கள் வரமாட்டார்கள். அண்ணி அதே கேனிலிருந்து இரண்டு பாட்டில் பிடித்தாள். ஒன்றில் சுழி போட்டாள். இன்னொன்றில், யாரும் பார்க்கவில்லையென்று உறுதி செய்துகொண்டு, தன் கையெழுத்தைப் போட்டாள். அவளுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. சம்பளத் தாளில் போடுவதோடு சரி. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன.

பிறகு முறைப்படி செய்தாள். மூன்று கோப்பை. இரண்டில் ஒரு பாட்டில், ஒன்றில் மற்றது. அடியில் எண். நாத்தனாரைச் சுவை அறையில் உட்காரவைத்து, சிறு ஜன்னல் வழியே தட்டை நீட்டினாள்.

“எது வேற?”

“நானூத்திப் பதினேழு.”

அண்ணி சீட்டைப் பார்த்தாள். மாற்றி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

“இப்ப?”

“எண்ணூத்து மூணு.”

ஆறு தடவை. ஆறுக்கு ஆறு சரி. எந்தச் சோதனையிலும் அண்ணி அப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை. ஜன்னலின் இந்தப் பக்கம் வெறுங்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“எப்படி இருக்குன்னு சொல்லு.”

“கசப்பு.”

“அது தெரியும். எப்படின்னு சொல்லு.”

“முதல்ல கசப்பு. அப்புறம் கிராம்பு. அண்ணன் கடவாய்ப் பல்லுல அடக்கிக்கிட்டே பேசுவானே, அது. அப்புறம் அவன் யோசிக்கறப்போ கடிக்கற கண்ணாடிக் காம்பு. கடைசியில…” நாத்தனார் கண்ணை மூடினாள். “கடைசியில தொண்டைக்கு இறங்கறப்போ கொஞ்சம் சூடு. பேச வாயெடுத்த மாதிரி.”

“என்ன பேச?”

“அது எனக்கெப்படித் தெரியும்?”

“இன்னொரு தடவை பாரு.”

“அண்ணி, நாக்கு மரத்துப் போச்சு.”

“ஒரே ஒரு தடவை. எனக்காகப் பாரு.”

பார்த்தாள். சொன்னாள். அதையேதான் சொன்னாள். அண்ணி ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சட்டத்தை மீறி, அந்த இடத்திலேயே, சுழி போட்ட பாட்டிலைத் தூக்கி வாயில் சரித்தாள். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். தண்ணீர். குளிர்ந்த, சுத்தமான, ஒன்றுமே சொல்லாத தண்ணீர்.

“தெரியுதா அண்ணி?”

அண்ணி புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“தபால்காரருக்குத் தெரியுது. பஸ் ஓட்டறவருக்குத் தெரியுது. அவரு முகத்தையே பாத்திராத ஆளுங்க. இருபத்திரெண்டு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவளுக்குத் தெரியல.”

“நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?”

அதுதான் கேள்வி. சுழி போட்டால் மேடம் வாயில் கசக்கும். இடம் போகும், சாவி போகும். வேறு ஒரு ஆள் வந்து வேறு ஒரு கையெழுத்துப் போடுவான். தன் கையெழுத்துப் போட்டால் தண்ணீர் தண்ணீராக இருக்கும். ஆனால் செல்லாது. செல்லும் என்று மேடம் சொல்லிவிட்டால், அந்தப் பட்டியலில் ஒரு வரிக்கு ஓர் ஆள்தான்; அவர் பெயரை அடித்தாக வேண்டும்.

“எப்படிப் பாத்தாலும் அண்ணன் போயிடுவான், இல்ல?” என்றாள் நாத்தனார்.

“போனவருதான்.”

“நீங்க சொல்லுவீங்க. உங்களுக்குத்தான் தெரியலையே!” என்று சீறிவிட்டு, சொன்னது சுட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி இரண்டு பாட்டிலையும் கோடுவரை நிரப்பி, அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதவைப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் சேர்ந்தே திறந்தார்கள். அண்ணியின் கையெழுத்துப் போட்ட பாட்டிலில் தண்ணீர் கோட்டில் நின்றது. சுழி போட்டதில் ஒரு வாய் குறைவு.

“நீங்க குடிச்சீங்களா?”

“பூட்டினப்ப நீயும்தானே நின்னே?” என்றாள் அண்ணி. “குடிக்கட்டும். தாகமா இருக்கும்.”

அவள் கையை நீட்டித் தன் பாட்டிலை எடுத்தாள்.

மேடம் பத்தாவது ஆளாக வந்து உட்கார்ந்தார். தட்டு வருவதற்கு முன் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். லேபிளைப் படித்தார்.

“இது யாரு கையெழுத்து?”

“என்னோடது மேடம்.”

“பட்டியல்ல உங்க பேரு இல்லையே.”

“இல்ல மேடம்.”

“அப்புறம் எப்படிப் போட்டீங்க?”

“பட்டியல்ல இருக்கறவரு செத்து ரெண்டு மாசமாச்சு மேடம்.”

கிளார்க் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார். மேடம் லேபிளையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வைங்க தட்டை” என்றார்.

ஏழு சுற்று. அண்ணி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கோப்பைகளை நீட்டினாள். உறிஞ்சும் சத்தம், துப்பும் சத்தம், பென்சில் சத்தம். பஸ் டிரைவரின் குரல் முதலில் கேட்டது. “அப்பாடா! இன்னிக்குத் தண்ணி தண்ணியா இருக்கு!” தையல்கார அம்மா, “கிராம்பு போயிடுச்சு” என்றாள், எதையோ தொலைத்தவள்போல.

எல்லாத் தாளும் சரியாக வந்தன. மேடம் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, பேனாவைத் திறந்து, ஒரு வரியை அடித்தார். அளவுகோல் வைத்து அடித்தார். அதன் மேலே அண்ணியின் பெயரை எழுதிச் சுருக்கொப்பமிட்டார்.

“நல்லாப் பண்ணியிருக்கீங்க. அவரு இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு.”

“ஆமா மேடம்” என்றாள் அண்ணி.

கரைசல் அறைக்குத் திரும்பியபோது நாத்தனார் அங்கே முன்னாலேயே வந்து சுழி போட்ட பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“இதை நான் எடுத்துட்டுப் போறேன்.”

“பட்டியல்ல இல்லாதவரோட பாட்டில் வெளிய போகாது. கொட்டணும்.”

“சட்டம் பேசறீங்களா? எங்கிட்டயே?”

“முதல்ல ருசி பாரு. இருக்கான்னு பாரு.”

நாத்தனார் ஒரு வாய் விட்டாள். முகம் மாறியது.

“இருக்கு. ஆனா… பாதியா இருக்கு.”

கால்மணி நேரம் கழித்து இன்னொரு வாய்.

“பாதியில பாதி. கண்ணாடிக் காம்பு இல்ல. கிராம்பு மட்டும்.”

இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வெளியே பெருக்குகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வெயில் மேசையின் ஓரத்திலிருந்து தராசுக்கு நகர்ந்தது. வாய்க்கு வாய் பாட்டில் இறங்கியது. அண்ணி பழக்கதோஷத்தில் ஒரு தாளை எடுத்து, நேரம் போட்டு, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பாதி. பாதி. பாதி.

“இப்ப?”

“இருக்கா இல்லையான்னு தெரியல அண்ணி. இருக்குன்னு நினைச்சா இருக்கு.”

“துப்பினியா?”

“இல்ல. ஒண்ணுகூடத் துப்பல.” நாத்தனார் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டிலை அண்ணியின் பக்கமாகத் தள்ளினாள். அடியில் ஒரே ஒரு வாய்த் தண்ணீர் ஆடியது. “கடைசி உங்களுக்கு. நான் கீழ நிக்கறேன். வாங்க, சேர்ந்து போகலாம்.”

கதவு சாத்திக்கொண்டது. அண்ணி கொஞ்ச நேரம் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை மெல்லச் சுற்றினாள். விளிம்பில் எந்த இடம் என்று தெரியாததால் சுற்றிலும் ஒரு தடவை உதட்டை ஒற்றிவிட்டு, சரித்தாள். பத்து எண்ணினாள். நாக்கின் நுனி, ஓரம், அடி எல்லாவற்றுக்கும் கொண்டுபோனாள். பிறகு விழுங்கினாள்.

பாட்டிலை மேசையில் வைத்தாள். எதிரே, நாத்தனார் எழுந்துபோன நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. யாரோ பாரத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாற்றிக்கொண்டதுபோல. அண்ணி அதைப் பார்த்து நேராக உட்கார்ந்தாள்.

“ஏங்க, முன்னப்பின்ன தெரியாத ஒம்பது பேருக்கும் கசந்தீங்களே, எனக்கு ஒரே ஒரு வாய் கசந்தா நீங்க என்ன குறைஞ்சா போயிடுவீங்க?”